தகப்பன்மாரோடு வேலை: வன்னியில் பெற்றோர் கல்வித் துறைக்கு வர நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களிலும் மன்னாரின் பெருநிலப் பக்கத்திலும் சின்னப்பிள்ளைகளின் பெற்றோரோடு, குறிப்பாகத் தகப்பன்மாரோடு, வேலை செய்ய விரும்புவோருக்காக எழுதியது. உயர்தரம் முடித்துவிட்டு என்ன படிக்கலாம் என்று யோசிப்பவரின் கேள்வியும், பத்து வருடம் முன்பள்ளியில் படிப்பித்துவிட்டு அடுத்த படியைத் தேடுபவரின் கேள்வியும் இதில் கலந்தே வரும்.

இது உண்மையில் என்ன வேலை?

பிள்ளை வயிற்றில் இருக்கும் காலம் முதல் 5 வயது வரை வளர்ப்பவர்களுக்குத் துணை நிற்பது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் 2018இல் வெளியிட்ட பராமரிப்புச் சட்டகம் ஐந்து விடயங்களைச் சொல்கிறது: நல்ல சுகாதாரம், போதிய போஷாக்கு, பிள்ளையின் குறிப்பறிந்து நடத்தல், பாதுகாப்பு, இளவயதுக் கற்றல். எங்கள் ஊர்களில் இந்த ஐந்தையும் தாயின் தலையில் கட்டிவிட்டு, தகப்பனிடம் உழைப்பை மட்டும் கேட்பதுதான் வழக்கம். அந்தக் கணக்கை மாற்றுவதே இந்த வேலை.

நாளாந்தத்தில் அது மூன்று வடிவத்தில் நடக்கும்: வீட்டுச் சந்திப்பு, 10 முதல் 12 பேர் கொண்ட குழு, உரிய இடத்தோடு இணைத்துவிடல். விரிவுரை செய்ய ஆசைப்பட்டு வருகிறவர்களுக்கு இது சரிவராது. ஒரு கிழமையில் தொடர்ந்து பேசக் கிடைப்பது சில வேளை இருபது நிமிடம்தான்.

பெற்றோர் கூட்டம் ஏற்கனவே நடக்கிறதே. தகப்பன்மாருக்கு ஏன் தனியாக?

அறிவித்தலில் "பெற்றோர்" என்று இருக்கும், வருவது தாய்மார். கிளினிக் கிழமை நாளில் காலையில் நடக்கும். அந்த நேரம் தகப்பன் வயலில், கடலில், அல்லது மேசன் வேலையில். வந்தாலும் மதிலோரம் மோட்டார் சைக்கிளில் இருந்தபடி காத்திருப்பார். கேள்வி கேட்டால் "அவவைக் கேளுங்கோ" என்பார். தனிக் குழுவில் அதே ஆள் மூன்றாம் நாள் "பிள்ளை அழுதால் எனக்கு விசராக்குது" என்று சொல்லத் தொடங்குவார். தாய்மாருக்கு நடுவில் அதைச் சொல்லமாட்டார்.

இன்னொரு காரணம் இந்த மண்ணுக்கே உரியது. 2009இல் 8 வயதுப் பையனாக இருந்தவர் 2025இல் 24 வயதுத் தகப்பன். அவருடைய சிறுவயது பங்கருக்குள்ளும் இடம்பெயர்விலும் செட்டிகுளத்து முகாம்களிலும் போனது. தன் தகப்பன் தன்னோடு விளையாடியதாகச் சிலருக்கு நினைவே இல்லை. சிலருக்குத் தகப்பனே இல்லை. பார்த்துப் பழகாத ஒன்றைச் செய்யச் சொல்கிறோம் என்பது மனதில் இருக்க வேண்டும். அதற்காக முதல் நாளே யுத்தத்தைப் பற்றிக் கேட்டுத் தொடங்காதீர்கள். அவர் எடுத்தால் கேளுங்கள்.

வேலை எந்தப் பெயரில் கிடைக்கும்?

"பெற்றோர் கல்வியாளர்" என்று வர்த்தமானியில் தேடிக்கொண்டிருந்தால் வருடக்கணக்கில் தேட வேண்டிவரும். அரச பக்கத்தில் இந்த வேலை பல பதவிகளுக்குள் பிரிந்து கிடக்கிறது. பிரதேச செயலகத்தில் முன்பிள்ளைப்பருவ அபிவிருத்தி உத்தியோகத்தர், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், உளவளத்துணை உத்தியோகத்தர், மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர் ஆகியோர் இருக்கிறார்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் குடும்பநல உத்தியோகத்தர், அதாவது எங்கள் வாயில் 'மிட்வைஃப்'. வீடு வீடாகப் போகும் உரிமையும் நம்பிக்கையும் உள்ளவர் அவரே. அந்தப் பதவி பெண்களுக்கு மட்டுமானது.

அரசசார்பற்ற நிறுவனங்களில் கள உத்தியோகத்தர், சமூக ஊக்குவிப்பாளர், திட்ட உத்தியோகத்தர் என்ற பெயர்களில் வரும். விளம்பரத்தில் "சிறுவர் பாதுகாப்பு", "போஷாக்கு", "உளசமூக ஆதரவு" என்ற சொற்கள் இருந்தால் உள்ளே பெற்றோர் வேலை இருக்க நிறைய வாய்ப்புண்டு. வேலை விபரத்தை முழுமையாக வாசியுங்கள்.

என்ன படிக்க வேண்டும்?

மூன்று பாதைகள் உண்டு. ஒன்று முன்பிள்ளைப்பருவக் கல்வி: திறந்த பல்கலைக்கழகத்தின் கல்விப் பீடத்தில் இதற்கென ஒரு திணைக்களமே இருக்கிறது. வேலை செய்தபடி படிக்கலாம் என்பது வன்னிப் பிள்ளைகளுக்குப் பெரிய வசதி. இரண்டாவது சமூகப்பணி: தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகத்தின் டிப்ளோமாவும் பட்டமும். குடும்பத்தை முழுதாகப் பார்க்கும் கண் அங்கேதான் பழகும். மூன்றாவது உளவளத்துணை அல்லது உளவியல்.

எங்கள் கருத்தில், தகப்பன்மாரோடு வேலைக்குச் சமூகப்பணிதான் முதல் தெரிவு. உளவளத்துணை மட்டும் படித்தவர் அறைக்குள் ஆள் வரும்வரை காத்திருப்பார். இங்கே ஆள் அறைக்கு வருவதில்லை.

உயர்தரம் சரிவராவிட்டால் கதவு மூடிவிடாது. முன்பள்ளித் துறையில் என்விகியூ, அதாவது தேசிய தொழிற்தகைமை, மட்டம் 4 உண்டு. ஏற்கனவே முன்பள்ளியில் வேலை செய்தவர் முன்கற்றல் அங்கீகார முறையில் தன் அனுபவத்தைக் காட்டி மதிப்பீட்டுக்குப் போகலாம். அதற்காக வரவுப் புத்தகம், பாடத்திட்டம், செய்த உபகரணங்களின் படங்கள் எல்லாவற்றையும் இன்றிலிருந்தே ஒரு ஃபைலில் சேருங்கள். இவற்றுக்கு மேல் மோட்டார் சைக்கிள் அனுமதிப்பத்திரம் வேண்டும். துணுக்காயிலும் ஒட்டுசுட்டானிலும் பஸ்ஸை நம்பி வீட்டுச் சந்திப்புச் செய்ய முடியாது. அறிக்கை எழுதுமளவுக்குச் சிங்களமோ ஆங்கிலமோ தெரிந்திருந்தால் நேர்முகத்தில் ஒரு படி முன்னே நிற்பீர்கள்.

சம்பளம் எப்படி? நிலையான வேலையா?

அரச பதவி நிலையானது, ஓய்வூதிய வசதி உள்ளது, ஆனால் வர்த்தமானிக்கும் போட்டிப் பரீட்சைக்கும் காத்திருக்க வேண்டும். நியமனம் வேறு மாவட்டத்துக்கும் விழலாம். நிறுவன வேலை கையில் கூடத் தரும், ஒப்பந்தமோ ஒரு வருடம் அல்லது அதற்கும் குறைவு. கையொப்பமிடும் முன் எரிபொருள் கொடுப்பனவு, மோட்டார் சைக்கிள் திருத்தச் செலவு, ஊழியர் சேமலாப நிதி மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். செம்மண் வீதியில் ஓடும் சைக்கிளுக்கு ரயரும் செயினும் எவ்வளவு தின்னும் என்பது கொழும்பில் வரவுசெலவு போடுபவருக்குத் தெரியாது.

முதல் கூட்டத்துக்குத் தகப்பன்மாரை எப்படிக் கொண்டுவருவது?

கடிதம் அனுப்பினால் வரமாட்டார்கள். அவர்கள் ஏற்கனவே கூடுகிற இடத்துக்கு நீங்கள் போக வேண்டும்: கமக்கார அமைப்பின் மாதக்கூட்டம், மீனவர் சங்கம், சனசமூக நிலையம், எல்லாவற்றுக்கும் மேலாக விளையாட்டுக் கழகம். வன்னியில் இளம் தகப்பன்மார் பின்னேரம் கரப்பந்தாட்டத் திடலில் நிற்பார்கள். கழகத் தலைவரிடம் முதலில் தனியாகப் பேசி, அவருக்கும் சின்னப்பிள்ளை இருந்தால் அவரையே முதல் ஆளாகச் சேருங்கள். அவர் சொன்னால் ஐந்து பேர் வருவார்கள்.

முன்பள்ளிக் கட்டடம் வேண்டாம். சின்னக் கதிரையில் முழங்கால் நெஞ்சில் முட்ட இருக்கும் ஆம்பிளை அடுத்த முறை வரமாட்டார். மாதர் சங்கக் கட்டடமும் அப்படித்தான். மரநிழலும் பாயும் போதும்.

நேரத்தை ஊரைக் கேட்டு வையுங்கள். வயல் ஊரில் பின்னேரம் 4 மணிக்குத் தொடங்கி 5.15க்கு முடிப்பது நல்லது. காட்டோர ஊர்களில் இருட்டினால் யானை, யாரும் இருக்கமாட்டார்கள். கத்தோலிக்கக் கரையோர ஊர்களில் ஞாயிறு கடலுக்குப் போவது குறைவு, பூசை முடிந்தபின் பிடிக்கலாம். முஸ்லிம் ஊர்களில் வெள்ளி மதியத்தைத் தவிருங்கள். போயா தினம் பொதுவாக நல்ல நாள்.

ஒரு எச்சரிக்கை. பெயர், அடையாள அட்டை இலக்கம், கையொப்பம், போட்டோ என்று தொடக்கத்திலேயே தாளை நீட்டினால் பாதிப் பேர் எழும்பிவிடுவார்கள். பதிவு என்றாலே பயப்படக் காரணம் உள்ள ஆண்கள் இங்கே பலர், யுத்தத்துக்குப் பின் புனர்வாழ்வு பெற்று வந்த முன்னாள் போராளிகள் அதிலும் கூட. முதல் கூட்டத்தில் பெயரும் பிள்ளையின் வயதும் போதும். போட்டோ கேட்டு எடுங்கள். வேண்டாம் என்றால் விடுங்கள். "என்ன தருவீங்கள்?" என்ற கேள்வியும் கட்டாயம் வரும். நிவாரணமோ வீட்டுத்திட்டமோ இல்லை என்பதை அன்றே நேராகச் சொல்லிவிடுங்கள். மழுப்பினால் ஆறாம் கூட்டத்தில் அது சண்டையாக வரும்.

கூட்டத்தில் என்னதான் செய்வது?

ஆறு கூட்டம், ஒவ்வொன்றும் 75 நிமிடம், ஒரு கூட்டத்துக்கு ஒரு கைவேலை. ஆண்கள் கை வேலையில் இருக்கும்போதுதான் வாய் திறக்கும்.

பாதுகாப்பில் தொடங்குங்கள். அது அவர்களுடைய களம். நாலைந்து பேராக ஒருவர் வளவுக்குப் போய்ச் சுற்றிப் பாருங்கள். கிணற்றுக்கட்டு 3 அடியாவது இருக்கிறதா, பக்கத்தில் ஏறி நிற்கக் கல்லோ கவிழ்த்த வாளியோ கிடக்கிறதா? பூச்சிநாசினிப் போத்தல் பூட்டுள்ள பெட்டியில் இருக்கிறதா? மண்ணெண்ணெயைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. பிள்ளைக்கு அது சோடாதான். குடித்துவிட்டால் சத்தி எடுக்க வைக்கக் கூடாது, ஏனென்றால் மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் போவதுதான் ஆளைக் கெடுக்கும். உடனே 1990 இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். காணி துப்புரவாக்கும் இடங்களில் வெடிக்காத பொருள் பற்றிய பேச்சும் இதற்குள்ளேயே வரும். அன்று ஒவ்வொருவரும் தன் வளவில் திருத்தப்போகும் ஒரு விடயத்தைச் சொல்லிவிட்டுப் போகட்டும். அடுத்த கூட்டம் அதைக் கேட்டுத் தொடங்கும்.

இரண்டாவது குளிப்பாட்டல். கடையில் விற்கும் பொம்மை பாரமில்லாதது, பயன்படாது. பழைய சாரத்துணியில் நீங்களே தையுங்கள்: கழுவிக் காயவைத்த மணல் இரண்டரைக் கிலோ இரட்டைப் பொலித்தீன் பையில் உடம்புக்கு, அரைக் கிலோ தனியாகத் தலைக்கு. மொத்தம் 3 கிலோ, பிறந்த பிள்ளையின் பாரம். கழுத்தைத் தளரத் தையுங்கள். தாங்காவிட்டால் தலை தொங்க வேண்டும், அப்போதுதான் பாடம் ஏறும். பேசினை மேசையில் வைக்காமல் நிலத்தில் வைக்கவும். முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு சுடுதண்ணீர். மாறி ஊற்றிவிட்டு மறந்துபோய்ப் பிள்ளையை இறக்கினால் சூடு பட்டுவிடும். ஆழம் நாலு விரல். சூட்டை முழங்கையால் பார்க்க வேண்டும். மண்வெட்டி பிடித்துக் காய்த்த உள்ளங்கைக்குச் சூடு தெரியாது. இடது முன்கையில் கழுத்தைத் தாங்கி, அதே கையால் பிள்ளையின் அப்பாலுள்ள கமக்கட்டைப் பிடிக்கவும். முகம் சவர்க்காரம் இல்லாமல் முதலில். ஐந்து நிமிடத்துக்குள் முடித்து, கழுத்து மடிப்பும் தொடை மடிப்பும் ஈரமில்லாமல் ஒற்றவும்.

இங்கேதான் மாமியார் பிரச்சினை வரும். "ஆம்பிளை குளிப்பாட்டுறதோ?" என்ற ஒரு வார்த்தையில் இரண்டு கிழமை உழைப்பு போய்விடும். அதனால் கூட்டத்துக்கு முன் மிட்வைஃபோடு ஒரு தடவை வீட்டுக்குப் போய் அம்மம்மாவிடம் பேசுங்கள். அவவுடைய முறையில் எண்ணெய் பூசித் தடவுவது நல்லது என்று ஒத்துக்கொண்டு, மூக்குக்குள்ளும் காதுக்குள்ளும் எண்ணெய் விடுவதை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள். மதிப்பு கொடுத்தால் அவவே தகப்பனைக் கூப்பிட்டுப் பிள்ளையைக் கையில் கொடுப்பா.

மூன்றாவது அழுகை. அழுகை ஆறு கிழமையளவில் உச்சத்துக்குப் போய்ப் பிறகு குறையும் என்பதைக் கேட்டாலே பலருக்கு நெஞ்சு ஆறும். பசி, ஈரம், சூடு, காய்ச்சல் பார்த்தபின்னும் நிற்காமல், கோபம் தலைக்கேறினால் பிள்ளையைப் பாதுகாப்பான இடத்தில் நிமிர்த்திக் கிடத்திவிட்டு முற்றத்தில் ஐந்து நிமிடம் நிற்க வேண்டும். உலுப்பக் கூடாது. மணல் பொம்மையை ஒரு தடவை உலுப்பிக் காட்டுங்கள். தலை போகும் விதத்தைப் பார்த்தால் விளக்கம் தேவையில்லை.

நான்காவது விளையாட்டுப் பொருள் செய்தல்: நுங்குக் கோம்பை வண்டில், தென்னோலைக் காற்றாடி, சிரட்டைக் கிலுக்கு. கூட்டங்களில் இதற்குத்தான் அதிகம் பேர் வருவார்கள். 3 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு 4 சென்ரிமீற்றரைவிடச் சின்னதாக எதுவும் கழன்று வரக் கூடாது. மூடி, கொட்டை, பற்றரி எல்லாம் அதில் அடங்கும்.

ஐந்தாவது சாப்பாடும் தாய்க்கு உதவியும். முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும், அதற்கு மேல் குழைத்த சோறும் பருப்பும் முட்டையும் மீனும். பால் கொடுக்காவிட்டாலும் இரவில் பிள்ளையைத் தூக்கிக் கொடுத்து, ஏவறை எடுத்து, திரும்பக் கிடத்துவது தகப்பன் செய்யக்கூடியது. ஆறாவது கூட்டத்துக்குக் குடும்பத்தோடு வரச் சொல்லுங்கள்.

மூன்றாம் கூட்டத்தோடு குழு கரைந்துவிடுகிறது. ஏன்?

பெரும்பாலும் நாட்காட்டிப் பிழை. ஐப்பசி, கார்த்திகையில் காலபோக (பெரும்போக) விதைப்பு, மாசி, பங்குனியில் அறுவடை. கதிர் வந்தபின் இரவிரவாகக் காவல்கொட்டிலில் யானைக்கும் பன்றிக்கும் விழித்திருந்தவர் பின்னேரம் நித்திரை கொள்வார். திட்ட ஆண்டு தை மாதம் தொடங்கி முதல் கூட்டம் மாசியில் விழுவது அடிக்கடி நடக்கும் பிழை. விதைப்பு முடிந்த மார்கழியிலோ, இரண்டு போகத்துக்கும் இடையிலோ வையுங்கள். முல்லைத்தீவுக் கரையில் இது தலைகீழ்: வாடைக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில்தான் ஆட்கள் வீட்டில் இருப்பார்கள்.

மற்றக் காரணம், அதிகாரி ஒருவரைப் பேச அழைத்திருப்பீர்கள். அவர் 40 நிமிடம் பேசியிருப்பார்.

பெண் உத்தியோகத்தர் தகப்பன்மாரோடு வேலை செய்ய முடியுமா?

முடியும், இப்போது செய்பவர்களில் கூடுதலானோர் பெண்களே. "அண்ணை", "தம்பி" என்ற முறைச்சொல் பாதி வேலையைச் செய்துவிடும். வீட்டில் வெளித் தெரியும் முற்றத்திலோ விறாந்தையிலோ இருந்து பேசுங்கள். போகும் வீட்டின் பெயரை அலுவலகத்தில் சொல்லிவிட்டுப் போங்கள். ஆண் உத்தியோகத்தருக்கும் இதே கவனம் வேண்டும்: தகப்பன் இல்லாத நேரம் தாயிடம் தனியே போய் இருக்கக் கூடாது. ஊர்க்கதை ஒரு நாளில் பரவும், திருத்த ஒரு வருடம் எடுக்கும்.

குடித்துவிட்டு வந்தால்?

வாதாடாதீர்கள், மற்றவர் முன் வெட்கப்படுத்தாதீர்கள். கழக நண்பர் ஒருவரோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டு அடுத்த நாள் காலையில் போய்ப் பாருங்கள். குடியை நிறுத்துங்கள் என்ற அறிவுரை அவருக்குப் புதிதல்ல. குழுவில் இரண்டு விதியை மட்டும் பிடியுங்கள்: குடித்த நாளில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சைக்கிள் ஓடுவதில்லை, கைக்குழந்தைக்குப் பக்கத்தில் படுப்பதில்லை. போதையில் திரும்பிப் படுக்கும்போது பிள்ளை மூச்சுத் திணறும். நிறுத்த விரும்புபவரை மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு நீங்களே கூட்டிப் போங்கள். துண்டு எழுதிக் கொடுத்தால் பெரும்பாலும் போகமாட்டார்.

தகப்பனுக்கும் பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு வருமா?

வரும். 2010இல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது கிட்டத்தட்ட 10இல் ஒரு தகப்பனுக்கு இருந்தது. பிள்ளையின் 3 முதல் 6 மாதக் காலத்தில் கூடுதலாக. ஆண்கள் அழுவதை விட எரிந்து விழுவார்கள், வீட்டுக்கு வரப் பிந்துவார்கள், குடி கூடும், "நெஞ்சுக்குள்ள அடைக்குது", "தலையிடி" என்பார்கள். நுண்கடன் தவணை நாளுக்கு முதல்நாள் இது கூடுவதையும் கவனியுங்கள். மனச்சோர்வைக் கண்டறிய உதவும் 10 கேள்வி கொண்ட எடின்பரோ அளவுகோல் 1987இல் தாய்மாருக்காக வந்தது. தகப்பன்மாருக்குப் பயன்படுத்தும்போது குறைந்த புள்ளியையே எச்சரிக்கையாக எடுப்பது வழக்கம். பயிற்சி பெற்றபின் மட்டும் பயன்படுத்துங்கள். உயிரை விடும் பேச்சு வந்தால் நேராகக் கேளுங்கள். கேட்பதால் எண்ணம் கூடாது. தனியே விட்டுவிட்டு வராதீர்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926.

வீட்டில் அடி நடப்பது தெரிந்தால்?

மனைவி சொன்னதைத் தகப்பனிடம் போய்க் கேட்காதீர்கள்; அன்றிரவு அவவுக்கு அது திரும்பி விழும். அவவின் விருப்பத்தோடு மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தருக்கு அறிவிக்கவும், அல்லது மகளிர் உதவி இலக்கம் 1938. 2005இன் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதிமன்றில் பாதுகாப்புக் கட்டளை பெற வழியுண்டு. பிள்ளைக்குத் துன்புறுத்தல் என்றால் சிறுவர் உதவி இலக்கம் 1929, மற்றும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர். குழுவில் பேசுவது வெளியே போகாது என்று சொல்லும் முதல் நாளே, பிள்ளைக்கு ஆபத்து என்றால் மட்டும் அந்த வாக்கு செல்லாது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

தகப்பன் வெளிநாட்டில், அல்லது காணாமற்போனவர். அப்போது?

வெளிநாட்டில் என்றால் நேரம் குறித்த அழைப்பு. கிளிநொச்சியில் இரவு 7 மணி என்றால் டோகாவில் 4.30, துபாயில் 5.30. பெரியவர்கள் பேசி முடித்துக் கடைசியில் பிள்ளையிடம் போனைக் கொடுப்பதை மாற்றி, முதல் ஐந்து நிமிடத்தைப் பிள்ளைக்குக் கொடுக்கவும். "சாப்பிட்டியா" என்று மட்டும் கேட்காமல் தகப்பன் ஒரு பாட்டோ, அன்று கண்ட ஒரு விடயமோ சொல்லட்டும்.

காணாமற்போனவரின் பிள்ளைக்கு, தாய் என்ன சொல்லி வைத்திருக்கிறா என்பதை அறியாமல் ஒரு சொல்லும் சொல்லாதீர்கள். இறந்தார் என்றோ வருவார் என்றோ நீங்கள் தீர்மானிக்க முடியாது. முன்பள்ளியில் தந்தையர் தின நிகழ்வு வைக்கும் யோசனை வந்தால் தடுத்து, "வீட்டில் எனக்குப் பிடித்தவர்" என்று மாற்றச் சொல்லுங்கள். மாமாவையும் அப்பப்பாவையும் குழுவில் சேருங்கள்.

பலன் வந்ததா என்று எப்படிப் பார்ப்பது?

வரவுத்தாளை எண்ணுவது இலகு, அதனால்தான் எல்லோரும் அதை எண்ணுகிறார்கள். யுனிசெஃப்பின் வீட்டு ஆய்வுகளில் 2 முதல் 4 வயதுவரையுள்ள பிள்ளைகளுக்குக் கேட்கும் கேள்வி இதைவிட நல்லது: கடந்த 3 நாளில் புத்தகம் வாசித்தல், கதை சொல்லல், பாடல், வெளியே கூட்டிப்போதல், விளையாடல், பெயர் சொல்லி எண்ணிக் கீறல் ஆகிய ஆறில் தகப்பன் எத்தனை செய்தார்? முதல் கூட்டத்துக்கு முன்னும், முடிந்து 3 மாதத்துக்குப் பின்னும் கேளுங்கள். தகப்பனிடம் மட்டும் கேட்டால் ஆறும் செய்ததாகச் சொல்வார். தாயிடமும் தனியாகக் கேளுங்கள்.

முதல் நாள் பையில் என்ன இருக்க வேண்டும்?

மணல் பொம்மை, பேசின், ஒரு பழைய துவாய், பேனாக்கத்தி, நூல், தொலைபேசி இலக்கங்கள் எழுதிய அட்டை, தண்ணீர்ப் போத்தல், மழைக்கோட்டு. லப்டொப்பும் புரொஜெக்டரும் வீட்டிலேயே இருக்கட்டும்.